எண்ணெய்ப் போத்தலில் திகதி எழுதுங்கள்

ஒல்லியான ஆட்களுக்குக் கொலஸ்ட்ரோல் வராது என்றுதான் 52 வயது வரை நினைத்திருந்தேன். வேலையிடத்தில் எல்லோருக்கும் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என்னுடையது 248 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) என்று வந்தது. வலியோ மயக்கமோ எதுவும் இருக்கவில்லை. மாதவிடாய் நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பெண்களுக்கு இது ஏறுவது வழக்கம் என்று டொக்டர் சொன்னார்.

முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கப் பழகுங்கள். அந்த 248 மொத்தத் தொகை மட்டும்தான். அதில் இரத்தக் குழாய்ச் சுவரில் படிகிற பகுதி எல்.டி.எல். கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள் என்பதால் நானே கழித்துப் பார்த்தேன். என் எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல் என்பார்கள்) 46, ட்ரைகிளிசரைட் (இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 160. ட்ரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்தால் 32. 248இலிருந்து 46ஐயும் 32ஐயும் கழித்தால் எல்.டி.எல். 170. (ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு சரிவராது.) எல்.டி.எல். 100க்குக் கீழே இருந்தால் நல்லது, 160க்கு மேல் கூடுதல். 190ஐத் தாண்டினால் பரம்பரையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும் சோதிப்பது நல்லது. தைரொயிட் மந்தமாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் குசினி. எல்லோரும் முட்டையைத்தான் குற்றவாளி ஆக்குவார்கள். என் வீட்டில் ஆள் வேறு. புதுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலை உடைத்த அன்று மார்க்கரால் அதன்மேல் திகதி எழுதினேன். நாங்கள் நாலு பேர். 1 லீற்றர் ஒன்பதாம் நாள் தீர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 28 மில்லிலீற்றர், அதாவது 25 கிராம். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதுதான் ஈரல் எல்.டி.எல்லை இரத்தத்திலிருந்து இழுத்தெடுப்பதை மந்தமாக்குகிறது. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 22 கிராம்தான் உச்சம். எங்களுக்கு அது எண்ணெயிலேயே முடிந்துவிட்டது. தேங்காய்ப்பால், நெய், பின்னேரம் கடையில் வாங்கும் ரோல்ஸ், பட்டிஸ் எல்லாம் அதற்கு மேலதிகம்!

தாளிப்பதை நல்லெண்ணெய்க்கு மாற்றினேன். அதில் ஏழில் ஒரு பங்குதான் நிறைவுற்ற கொழுப்பு. சொதிக்கு முதற்பால் விடுவதை நிறுத்தி, கப்பிப்பாலோடு இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுகிறேன். முதல் கிழமை வீட்டில் முகம் சுளித்தார்கள். சம்பலை விட என்னால் ஏலாது, ஆனால் கரண்டிக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். காலையில் பாணும் மாஜரினும் போய் அவித்த கௌபி வந்தது. சில நாள் ஓட்ஸ். மத்தியானம் பருப்போடு வெண்டிக்காய். இவற்றின் கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றும். புதுப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுக்க வேண்டி வரும்.

பின்னேரங்களில் மெரின் டிரைவ் ஓரமாக 40 நிமிடம் நடக்கிறேன். உண்மையைச் சொன்னால், நடை எல்.டி.எல்லைப் பெரிதாக இறக்காது. ட்ரைகிளிசரைட்டும் பிரஷரும் குறையும், அதுவே போதும். சீனி போட்ட பால் தேத்தண்ணியையும் விட்டால் ட்ரைகிளிசரைட் இன்னும் இறங்கும்.

மூன்று மாதத்தில் எல்.டி.எல். 141. சந்தோஷமாகப் போனேன், டொக்டர் இன்னும் குறைய வேண்டும் என்றார். அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. அதையும் என் வயதையும் பிரஷரையும் சேர்த்துப் பார்த்துத்தான் குளிசை தருவதென்று முடிவெடுத்தார். உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை ஈரலே செய்கிறது. அந்த வேலையைக் குறைப்பதுதான் ஸ்டட்டின் குளிசை. இரண்டு மாதத்தில் எல்.டி.எல். 88.

அப்போதுதான் முட்டாள்தனம் செய்தேன். மேல்மாடி அக்கா "தொடங்கினால் சாகுமட்டும் விட ஏலாது" என்று பயமுறுத்த, ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். ஆறு கிழமையில் 143! எடுக்கும் வரைக்கும்தான் அது வேலை செய்யும். காரணமில்லாமல் தசை நோவு வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

இப்போது தேங்காயெண்ணெய்ப் போத்தல் 26 நாள் வருகிறது. திகதி எழுதுவதை மட்டும் விடவில்லை.