புளியங்கொட்டை வைத்துப் போக்கர்: ரம்மி தெரிந்தவர்களுக்கு முதல் பாடம்

செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணச் சாந்திக்கோ உறவுகள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டு வளவில் (உள் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) ஒரு சீட்டுக்கட்டு விரியாமல் இருக்காது. பெரும்பாலும் ரம்மி, சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழுதை. இப்போது கோலாலம்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் பிள்ளைகள் போக்கர் ஆடுவதைப் பார்த்து, பெரியவர்களும் "அது என்னப்பா, எங்களுக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரம்மி ஆடத் தெரிந்த யாரும் ஒரு சாயங்காலத்தில் போக்கர் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரம்மியில் ஒரு சீட்டை எடுத்து ஒரு சீட்டைப் போட்டு, கையை நாமே சேர்க்கிறோம். நான் சொல்லப்போகும் போக்கரில் வந்த சீட்டை மாற்றவே முடியாது. நம் கையில் இருக்கும் முடிவு ஒன்றே ஒன்று: இந்தச் சீட்டை நம்பி இன்னும் போடுவதா, கவிழ்த்து வைத்துவிட்டு விலகுவதா. இந்த ஆட்டத்தின் முழு அழகும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

போக்கரில் பல வகை உண்டு. உலகம் முழுக்க அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ராப்ஸ்டவுன் என்ற ஊரை அதன் பிறப்பிடமாக அந்த மாநிலச் சட்டமன்றமே 2007-ல் அங்கீகரித்திருக்கிறது. நாமும் அதையே ஆடுவோம்.

முதலில், காசு வேண்டாம்

பந்தயமே இல்லாமல் போக்கர் ஆட முடியாது. போடுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் யாருக்கும் விலக மனம் வராது, எல்லோரும் கடைசிச் சீட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள், ஆட்டம் செத்துவிடும். ஆனால் அந்தப் பந்தயம் பணமாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பல்லாங்குழிக்கு எடுத்து வைத்திருக்கும் புளியங்கொட்டையும் சோழியும் போதும். ஆளுக்கு 20 கொட்டை, 6 சோழி. கொட்டைக்கு மதிப்பு 1, சோழிக்கு 5. மொத்தம் ஆளுக்கு 50. எண்ணிக்கை குறைய ஆரம்பித்ததும், வெறும் கொட்டைதான் என்று தெரிந்தும் மனம் அதைக் காப்பாற்றப் பார்க்கும்.

இணையத்தில் பணம் கட்டி ஆடிப் பழகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, அது திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல், 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் செயலிகளில் சேமிப்பைத் தொலைத்து நொடிந்துபோன குடும்பங்கள் தமிழ்நாட்டில் கொஞ்சமல்ல. வீட்டில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் சுகமும் அதில் கிடையாது.

உட்காரும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் நேரே அதன்மேல் சீட்டு போடாதீர்கள். பூ வேலைப்பாட்டில் சீட்டு கண்ணில் படாது, வழவழப்பில் சீட்டை எடுக்கும்போது அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். ஒரே நிறத்தில் ஒரு போர்வை விரித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கை பெரியது

ஜோக்கர்களை எடுத்துவிட்டு 52 சீட்டு. கடைசியில் ஒப்பிடுவது எப்போதும் ஐந்து சீட்டுகளைத்தான். மேலிருந்து கீழே வருகிறேன்.

ஒரே பூவில் (ஸ்பேடு, ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்ற நாலில் ஒன்றில்) 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் என்று ஐந்தும் வந்தால் ராயல் ஃப்ளஷ். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.
ஒரே பூவில் வேறு ஐந்து வரிசையாக வந்தால் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ்.
ஒரே எண் நான்கு வந்தால், அதாவது நாலு 7, நாலு ராணி, அது அடுத்தது.
மூன்று ஒரு எண், இரண்டு ஒரு எண் என்றால் ஃபுல் ஹவுஸ்.
வரிசை இல்லாவிட்டாலும் ஐந்தும் ஒரே பூ என்றால் ஃப்ளஷ்.
பூ எதுவானாலும் ஐந்து எண்கள் வரிசையாக வந்தால் ஸ்ட்ரெயிட்.
ஒரே எண் மூன்று.
இரண்டு ஜோடி.
ஒரு ஜோடி.
இவை எதுவுமே இல்லையென்றால், இருப்பதில் பெரிய சீட்டு.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். அதில் வரிசை கலரை, அதாவது மூன்றும் ஒரே பூவாக வரும் கையை, வெல்லும். போக்கரில் தலைகீழ், ஃப்ளஷ்தான் ஸ்ட்ரெயிட்டை வெல்லும். காரணம் வெறும் கணக்கு. மூன்று சீட்டு எடுத்தால் சாதாரண வரிசை 720 விதமாகவும் கலர் 1,096 விதமாகவும் வரலாம். அரிதானது வரிசை, எனவே அது பெரியது. ஐந்து சீட்டு எடுக்கும்போது ஸ்ட்ரெயிட் 10,200 விதம், ஃப்ளஷ் 5,108 விதம். இப்போது அரிதானது ஃப்ளஷ். எது வருவது கடினமோ அது பெரியது என்று பிடித்துக்கொண்டால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ராயல் ஃப்ளஷ் மொத்தம் 25,98,960 கைகளில் நாலே நாலு.

ஏஸ் பெரியதாகவும் வரும், 5-4-3-2-ஏஸ் என்ற வரிசையில் சின்னதாகவும் வரும். ஆனால் ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று வளைத்துப் போட முடியாது. ஸ்பேடு, ஆட்டின், டைமண்ட், கிளாவர் நான்குக்கும் ஒரே மதிப்பு. ஸ்பேடு உசத்தி என்று வாதாட இடமில்லை.

ஆட்டம் நடக்கும் முறை

நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு போடுபவர் முன்னால் ஓர் அடையாளம் வையுங்கள், சுண்ணாம்பு டப்பி கூடப் போதும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது இடது கைப் பக்கம் ஒருவர் தள்ளிப் போகும். டப்பிக்கு இடது பக்கத்தில் இருப்பவர் சீட்டைப் பார்க்கும் முன்பே 1 போட வேண்டும், அவருக்கு அடுத்தவர் 2. இவைதான் சின்ன பிளைண்டு, பெரிய பிளைண்டு. இது இல்லாவிட்டால் எல்லோரும் ஏஸ் வரும்வரை சும்மா காத்திருப்பார்கள்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. அவரவர் மட்டும் பார்க்கலாம். அப்புறம் முதல் சுற்றுப் பந்தயம். பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் தொடங்குவார். அவருக்கு மூன்று வழி: 2 போட்டுச் சேர்ந்துகொள்வது கால், கூட்டிப் போடுவது ரெய்ஸ், கூட்டினால் மொத்தம் குறைந்தது 4 ஆக்க வேண்டும், சீட்டைக் கவிழ்த்து விலகுவது ஃபோல்டு. சுற்றி வந்து, விலகாத எல்லோரும் ஒரே அளவு போட்டதும் சுற்று முடியும்.

அடுத்து, கட்டின் மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, மூன்று சீட்டுகளை நடுவில் திறந்து வையுங்கள். இது ஃப்ளாப். இந்த மூன்றும் எல்லோருக்கும் பொது. மறுபடி பந்தயம். இப்போதிலிருந்து டப்பிக்கு இடது பக்கத்தில் விலகாமல் இருக்கும் முதல் ஆள் தொடங்குவார். அவருக்கு முன் யாரும் போடவில்லை என்பதால் ஒன்றும் போடாமல் அடுத்தவருக்கு விடலாம், அது செக். பிறகு இன்னொரு சீட்டை ஒதுக்கிவிட்டு நான்காவது பொதுச் சீட்டு, அதாவது டர்ன். பந்தயம். அதேபோல ஐந்தாவது சீட்டு, ரிவர். கடைசிப் பந்தயம். அதற்கும் மேல் இரண்டு பேராவது மிஞ்சினால் சீட்டைத் திறந்து காட்ட வேண்டும். கையில் இருக்கும் இரண்டு, நடுவில் இருக்கும் ஐந்து, இந்த ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ, பந்தயமாகச் சேர்ந்த குவியல் அவருக்கு. சமமாக இருந்தால் பங்கு. மற்ற எல்லோரும் விலகிவிட்டால் மிஞ்சிய ஒருவர் சீட்டைக் காட்டாமலே எடுத்துக்கொள்ளலாம். பொய்யாகப் பெரிய கை இருப்பதுபோல் காட்டுவதற்கு இந்த விதிதான் இடம் கொடுக்கிறது.

ஓர் ஆட்டத்தைக் கூடவே இருந்து பார்ப்போம்

சித்தப்பா சீட்டு போடுகிறார். அப்பத்தா சின்ன பிளைண்டு, 1. ஆச்சி பெரிய பிளைண்டு, 2. உங்களுக்கு டைமண்ட் ராஜாவும் கிளாவர் ராணியும் வந்திருக்கின்றன. நல்ல கை. 6 என்று கூட்டுகிறீர்கள். சித்தப்பா 6 போடுகிறார். அப்பத்தா "எனக்கு இது சரிப்படாது" என்று கவிழ்த்துவிடுகிறார். அவருடைய 1 குவியலில்தான் இருக்கும். ஆச்சி இன்னும் 4 சேர்த்து 6 ஆக்குகிறார். குவியலில் 19.

ஃப்ளாப்: ஸ்பேடு ராஜா, ஆட்டின் 8, ஆட்டின் 4. உங்களுக்கு ராஜா ஜோடி. ஆச்சி செக். நீங்கள் 8 போடுகிறீர்கள். சித்தப்பா விலகுகிறார். ஆச்சி பேசாமல் 8 எடுத்து வைக்கிறார். குவியல் 35.

டர்ன்: கிளாவர் 2. யாருக்கும் உபயோகம் இல்லாத சீட்டு போலத்தான் தெரிகிறது. ஆச்சி மறுபடி செக். நீங்கள் 12. ஆச்சியும் 12. குவியல் 59. இரண்டு பேரிடமும் மிச்சம் 24.

ரிவர்: ஆட்டின் 9. இதுவரை செக் செய்துகொண்டிருந்த ஆச்சி இப்போது கையில் இருக்கும் 24-ஐயும் நடுவில் தள்ளுகிறார். இதுதான் ஆல்-இன்.

இப்போது என்ன செய்வீர்கள்? முதலில் கணக்கு. இன்னும் 24 போட்டால் ஜெயித்துக் கிடைப்பது மொத்தம் 107. அதாவது இப்படிப்பட்ட இடத்தில் நூற்றுக்கு 22 அல்லது 23 தடவை உங்கள் ராஜா ஜோடி ஜெயித்தாலே போட்டது நஷ்டமாகாது. குறைவான வாய்ப்புதானே வேண்டும் என்று தோன்றும். பிறகு ஆச்சி நடந்துகொண்டதை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நடுவில் இரண்டு ஆட்டின் கிடந்தபோது இரண்டு தடவை கூட்டாமல், விலகாமல் கூடவே வந்தார். மூன்றாவது ஆட்டின் விழுந்த நொடியில் எல்லாவற்றையும் தள்ளினார். பொய்யாட்டம் ஆடிப் பழக்கமில்லாத ஆள். ராஜா ஜோடியைக் கவிழ்த்து வையுங்கள்.

கற்றுக்கொள்ளும் நாள் என்பதால் ஆச்சியைச் சீட்டைக் காட்டச் சொல்லலாம்: ஆட்டின் ஜாக், ஆட்டின் 10. ஃப்ளஷ். உங்கள் 24 தப்பித்தது. நல்ல கையைக் கவிழ்த்ததற்காக வருத்தப்பட வேண்டாம். நீங்கள் அந்த ஆட்டத்தை நன்றாகவே ஆடினீர்கள்.

ஆச்சி ஆடியதும் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. டர்னுக்கு அப்புறம் அவர் பார்க்காத சீட்டுகள் 46, அதில் ஆட்டின் 9. கிட்டத்தட்ட நூற்றுக்கு 20. அவர் போட வேண்டியிருந்தது 12, மொத்தக் குவியல் 59 ஆகும்; அதுவும் ஐந்தில் ஒரு பங்கு. தேவைப்படும் வாய்ப்பும் இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமம். வந்தால் உங்களிடமிருந்து இன்னும் வாங்கலாம் என்ற கூடுதல் நம்பிக்கையும் உண்டு. இந்த மாதிரிக் கணக்குக்கு ஒரு சுலப வழி: உங்களுக்குத் தேவையான சீட்டு எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். ஃப்ளாப் முடிந்து இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் 4-ஆல் பெருக்குங்கள், ஒன்றுதான் என்றால் 2-ஆல். 9 சீட்டு என்றால் 36, 18. சரியான விடை 35, 20. வீட்டு ஆட்டத்துக்கு இது தாராளம்.

எந்தக் கையோடு இறங்கலாம்

கையில் ஜோடியாக வருவது 17 தடவைக்கு ஒரு தடவைதான். இரண்டு ஏஸ் 221-க்கு ஒன்று. அதற்காகக் காத்திருக்க முடியாது, எல்லாவற்றோடும் இறங்கவும் கூடாது. ஆரம்பத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஜோடி எதுவானாலும், 10-க்கு மேல் இரண்டு பெரிய சீட்டு, ஒரே பூவில் ஏஸோடு இன்னொன்று. மற்றவை கீழே போகட்டும். ரம்மிக்காரர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அதில் ஆரம்பத்தில் மோசமான கையைக்கூடத் தேற்றிவிடலாம். இங்கே 9-ம் 4-ம் வந்தால் தேற்ற வழியில்லை.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும். ஏஸ் ஒன்று வந்துவிட்டால், கூட 3 இருந்தாலும் பரவாயில்லை என்று எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் ஏஸ் விழுந்து, எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் இருவருக்கும் ஏஸ் ஜோடிதான். ஆனால் பக்கச் சீட்டில் அவர் ராஜா பெரியது. பெரும்பாலும் குவியல் அவருக்கே போகும்.

ஒருவரிடம் கொட்டை குறைவாக இருந்தால்

மற்றவர் 30 போடும்போது உங்களிடம் 10-தான் இருக்கிறது என்றால் விலக வேண்டியதில்லை. அந்தப் பத்தையும் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொருவரிடமிருந்தும் உங்கள் அளவுக்குச் சமமான பங்கு மட்டும் உங்கள் குவியலில் சேரும். அதற்கு மேல் போடுவதைப் பக்கத்தில் தனிக் குவியலாக வையுங்கள், அது மற்றவர்களுக்குள் மட்டும். கடைசியில் தனிக் குவியலை முதலில் முடித்துவிட்டு உங்கள் பத்து இருக்கும் குவியலுக்கு வந்தால் குழப்பம் வராது.

முழுதும் இழந்தவரை அன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள். முதல் நாளில் எல்லோருக்கும் இரண்டாவது 50 உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து 50 போனால் போனதுதான். அன்றைக்கு அரை மணிக்கு ஒரு முறை பிளைண்டை 1-2 என்பதிலிருந்து 2-4, 4-8 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். சாயங்காலக் காப்பிக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.