பழைய காருக்கு எந்த இன்ஜின் ஆயில்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சிட்டுப் போங்க

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் மாருதி 800, ஆம்னி, இண்டிகா, பழைய சான்ட்ரோ, அங்கங்க ஒரு அம்பாசடர்னு இன்னமும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆயில் மாத்தணும்னு கிளம்புனா மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, "பழைய வண்டி சார், கெட்டியா ஊத்துங்க"ன்னு ஒருத்தர், "சிந்தடிக் போட்டாத்தான் தாங்கும்"னு இன்னொருத்தர் (சிந்தடிக்னா ரசாயன முறையில செஞ்ச, விலை கூடுன ஆயில்). ரெண்டையும் அப்படியே நம்ப வேணாம். டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்சா போதும், நீங்களே ஒப்பிட்டு வாங்கிடலாம்.

ஸ்டெப் 1: முதல்ல இன்ஜினைப் பாருங்க

காலையில வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி, மேடு பள்ளம் இல்லாத இடத்துல நிறுத்தி டிப்ஸ்டிக்க (இன்ஜின்ல ஆயில் அளவு பாக்குற கம்பி) உருவித் துடைச்சிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க. அளவு எங்க நிக்குது, மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு போன்லயே எழுதி வச்சுக்கோங்க. 1000 கிலோமீட்டர் ஓடுனதும் திரும்பப் பாருங்க, அப்பதான் வண்டி எவ்வளவு ஆயில் குடிக்குதுன்னு தெரியும். ராத்திரி இன்ஜினுக்கு அடியில ஒரு அட்டைய விரிச்சு வச்சா ஒழுகுதா இல்லையான்னும் தெரிஞ்சிடும்.

அடுத்தது புகை. காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் குப்புனு கொஞ்சம் நீலப் புகை வந்து அப்புறம் நின்னுட்டா பெரும்பாலும் வால்வு சீல்தான் (வால்வு வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்குற ரப்பர்). ஆக்சிலரேட்டர மிதிச்சு ஏத்தும்போதெல்லாம் நீலமா வந்தா பிஸ்டன சுத்தி இருக்குற ரிங் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். இது எதையும் ஆயில மாத்தி சரி பண்ண முடியாது, கெட்டி ஆயில் கொஞ்ச நாள் மறைச்சு வைக்கும், அவ்வளவுதான்.

ஐப்பசி கார்த்திகையில தெருவுல தண்ணி நின்னு வண்டி அதுல மாட்டியிருந்தா இன்னொண்ணும் பாக்கணும். டிப்ஸ்டிக்ல ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி வெளுத்துப் போயிருந்தா உள்ள தண்ணி கலந்திருக்கு, சாவியவே போடாதீங்க, நேரா மெக்கானிக்க கூப்பிடுங்க. இன்ஜின் தலைக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கட் (தண்ணியும் ஆயிலும் கலக்காம அடைக்கிற தகடு) போனாலும் இதே நிறம் வரும்.

ஸ்டெப் 2: டப்பாவுல இருக்குற நம்பர்

20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 இப்படித்தான் போட்டிருக்கும். இதுதான் எஸ்ஏஇ கிரேடு, ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவு. முதல் நம்பர் குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்ங்கிறதுக்கு. 20டபிள்யூ ஆயிலையே மைனஸ் 15 டிகிரியில வச்சு டெஸ்ட் பண்றாங்க, 5டபிள்யூ ஆயில மைனஸ் 30ல. நம்ம தஞ்சாவூர் மார்கழிக்கு 20 டிகிரி வந்தாலே போர்வைய தேடுறோம், அதனால இந்த முதல் நம்பருக்காகன்னு தனியா காசக் கொட்ட வேணாம்.

நமக்கு முக்கியம் ரெண்டாவது நம்பர். இன்ஜின் சூடானதுக்கு அப்புறம் ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கிறது அதுலதான் இருக்கு, 100 டிகிரியில வச்சு அளப்பாங்க. அந்தச் சூட்டுல 40 கிரேடு 12.5ல இருந்து 16.3க்குள்ள இருக்கணும், 50 கிரேடு 16.3ல இருந்து 21.9க்குள்ள. யூனிட் சென்டிஸ்டோக்ஸ், பேர மனப்பாடம் பண்ண வேணாம்.

மேனுவல்ல எந்த கிரேடு போட்டிருக்கோ அதுலதான் ஆரம்பிக்கணும். மேனுவல் 40ன்னு சொல்லுது, வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிருச்சு, சித்திரை வெயில்லயும் ஓட்டணும்னா 50க்கு ஒரு படி ஏறலாம். ஆனா 30 கேக்குற கொஞ்சம் புது மாடல் இன்ஜின்ல, "பழசாயிடுச்சே"ன்னு ஒரே தாவா 50 ஊத்தாதீங்க, அதுல ஆயில் போற வழியெல்லாம் சின்னது, ஸ்டார்ட் பண்ணுனதும் மேல வரைக்கும் ஆயில் போய்ச் சேர லேட்டாகும், தேய்மானமே அந்த நேரத்துலதான் நடக்கும்.

ஸ்டெப் 3: ஏபிஐ எழுத்து

ஏபிஐங்கிறது ஆயிலோட தரத்த சொல்ற குறி, டப்பாவுல ரெண்டு மூணு எழுத்தா இருக்கும். இத யாரும் பாக்குறதே இல்ல. எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோல் வண்டிக்கு, சி-ல ஆரம்பிச்சா டீசலுக்கு. பெட்ரோல்ல எஸ்எல் 2001ல வந்தது, எஸ்என் 2010, எஸ்பி 2020. டீசல்ல சிஐ-4 2002ல வந்தது. விலை கம்மியா இருக்கேன்னு சில டப்பாவ எடுத்துப் பாத்தா எஸ்எஃப்னு போட்டிருக்கும், அது 1980கள் காலத்து இன்ஜினுக்கு உள்ள தரம், மாருதி 800க்குக் கூட அத வாங்காதீங்க, எஸ்எல்லோ அதுக்கு மேலயோ பாருங்க.

அம்பாசடர், பத்மினி வச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பழைய 1489 சிசி அம்பாசடர் இன்ஜின்ல கேம் (வால்வ திறக்க வைக்கிற சுத்துற தண்டு) மேல டாப்பெட் (அந்த அழுத்தத்த வாங்கி வால்வுக்கு கடத்துற துண்டு) நேரா உரசிக்கிட்டே ஓடும், அந்த உரசலுக்கு ஆயில்ல ஜிங்க், பாஸ்பரஸ் கலந்த ஒரு மருந்து வேணும். புது தரத்து 30 கிரேடு பெட்ரோல் ஆயில்ல பாஸ்பரஸ 0.08 சதவீதத்துக்கு மேல போகாம கட்டுப்படுத்திட்டாங்க, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப் போகக் கூடாதுன்னு. அதனால இந்த வண்டிங்களுக்கு 20டபிள்யூ-50, இல்லன்னா சிஐ-4, எஸ்எல் ரெண்டும் சேத்து போட்டிருக்குற 15டபிள்யூ-40, இதுதான் என் சாய்ஸ்.

வீட்டுல மிச்சம் இருக்குன்னு பைக் ஆயில ஊத்தலாமான்னு கேப்பாங்க. வேணாம், அது கிளட்ச் ஆயில்லயே முங்கி ஓடுற வண்டிக்காக செஞ்சது. டிராக்டர் கியர், ஹைட்ராலிக் ஆயில் கேன் கொட்டகையில கிடக்கும், அது இன்ஜின் ஆயிலே கிடையாது, கிட்டயே கொண்டு போகாதீங்க.

ஸ்டெப் 4: ரெண்டு மூணு பிராண்ட ஒப்பிடுங்க

செர்வோ, மாக், கேஸ்ட்ரால், ஷெல், வால்வோலைன், எதுவா இருந்தாலும் கம்பெனி சைட்ல அந்த ஆயிலோட டேட்டா ஷீட் இருக்கும். ஒரே கிரேடுல ரெண்ட எடுத்து பக்கத்துல வச்சு மூணு வரிய பாருங்க: 100 டிகிரி விஸ்காசிட்டி (அதாவது கெட்டித்தனம்), விஸ்காசிட்டி இண்டெக்ஸ், டிபிஎன். இண்டெக்ஸ் கூடுதலா இருந்தா சூட்டுலயும் குளிர்லயும் ஆயிலோட கெட்டித்தனம் அதிகம் மாறாது. டிபிஎன்ங்கிறது ஆயில்ல சேர்ற அமிலத்த அடக்குற சக்தி, டீசல் வண்டிக்காரங்க அத கண்டிப்பா பாக்கணும்.

மினரலா (கச்சா எண்ணெய சுத்திகரிச்சு எடுத்த சாதா ஆயில்) சிந்தடிக்கான்னா, ஆயில் குடிக்குற வண்டிக்கு விலை கூடுன சிந்தடிக் ஊத்துறது காச புகையா விடுறதுதான். நல்ல மினரல், இல்ல ரெண்டும் கலந்த செமி சிந்தடிக் வாங்கி 5000 கிலோமீட்டர்ல மாத்திக்கிட்டே வாங்க, அறுவடை சமயத்துல ரோட்டுல நெல்லும் வைக்கோலும் பறக்குற ஊரு நம்மளது, ஏர் பில்டரயும் அப்பப்ப தட்டிப் பாருங்க. சிந்தடிக் போட்டா சீல் போயிடும்னு சொல்றது முழுக்க உண்மை இல்ல, ஏற்கனவே காஞ்சு போன சீல அடைச்சிக்கிட்டு இருந்த கசடு கழுவிப் போனதும் ஒழுக்கு வெளிய தெரியுது.

ஸ்டெப் 5: மாத்துறது

இன்ஜின் லேசா சூடா இருக்கும்போது வடிங்க, ட்ரெய்ன் போல்ட்டுக்கு புது வாஷர், ஆயில் பில்டரும் புதுசு, அதோட ரப்பர்ல கொஞ்சம் ஆயில் தடவி கையாலயே முறுக்குங்க. மேனுவல்ல இருக்குற அளவுக்குக் கொஞ்சம் கம்மியா ஊத்தி, ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்க பாத்து மிச்சத்த ஊத்துங்க. மேக்ஸ் கோட்ட தாண்டக் கூடாது. சீல் உடையாத டப்பாவா வாங்குங்க, காலி டப்பாவ ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்க, இல்லன்னா அதுலயே போலி ஆயில் ரொம்பி திரும்ப கடைக்கு வந்துடும்.

வடிச்ச ஆயில வாய்க்கால்லயோ கொல்லையிலயோ கொட்டிடாதீங்க, அது வயலுக்குத்தான் போகும். கேன்ல ரொப்பி பட்டறையில குடுத்தா, பழைய ஆயில் எடுக்க வர்றவங்க கிட்ட அவங்க சேத்து விட்டுடுவாங்க.