பயணப்படியில் விட்டுப்போன பணம்

ராணுவத்தில் ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதாராகப் பதவி உயர்வு வந்த கையோடு டெம்பரரி டியூட்டியில், அதாவது தற்காலிகப் பணியில், வெளியூர் போய்வந்தேன். அங்கே ராணுவச் சாப்பாடான ரேஷன் கிடையாது, சாப்பாடு வெளியில்தான். பயணப்படி கணக்கில் ஏறியபோது தொகை இடித்தது. சாப்பாட்டுச் செலவை நாளுக்கு 500 ரூபாய் வரம்பில் போட்டிருந்தார்கள். அது சம்பள அடுக்கில் லெவல் 5, அதாவது ஹவில்தார் வரைக்கும் இருந்த வரம்பு. நாயப் சுபேதார் லெவல் 6; 7-வது சம்பளக் கமிஷன்படி அதற்கு அப்போது 800.

சம்பளச் சீட்டைப் பார்த்தேன்; இன்னும் லெவல் 5. பதவி உயர்வைப் பதிவு செய்கிற பார்ட் 2 ஆர்டர் என்ற உத்தரவு யூனிட்டில் வெளியாகியும் கணக்கு அலுவலகத்தில் ஏறவில்லை. கோளாறு அங்கேதான். அதை விட்டுவிட்டு பயணப்படிக்கு மட்டும் எழுதினால் அடுத்த முறையும் இதே கதைதான்.

புறப்பட்ட நாளிலும் ஒரு பிசகு. மதியம் 2 மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவு வரை 10 மணி நேரம். 6 முதல் 12 மணி நேரத்துக்கு அன்றைய சாப்பாட்டுத் தொகையில் 70 சதவீதம் உண்டு, கொடுத்தது 30. பயணத்துக்கான உத்தரவான மூவ்மெண்ட் ஆர்டரில் தேதி மட்டுமே இருந்ததால், நேரம் தெரிகிற ரயில் டிக்கெட்டை இணைத்தேன்.

பார்ட் 2 ஆர்டர் நகல், டிக்கெட், நாள்வாரியாக வித்தியாசக் கணக்கு எல்லாம் ஒரே மனுவில் ஹெட் கிளார்க் சாப் வழியாகப் போயின. பயணப்படி பாக்கியோடு, பதவி உயர்வு தேதியிலிருந்து சம்பள பாக்கியும் வந்தது. வீட்டுக்குப் போகவேண்டிய பணம் அது. ‘போனால் போகட்டும்’ என்று யூனிட்டில் இளைய தம்பிகள் விடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டியூட்டி முடிந்து திரும்புகிறவர்களிடம் சம்பளச் சீட்டில் லெவலை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.