கடல்மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி: மறைந்தவுடன் ஏமாந்துவிடாதீர்கள்

என் ப்ளூ டாங் மீன் மேல் முதல் முறை வெள்ளைப் புள்ளியைப் பார்த்தது ஒரு ஞாயிறு காலை, தொட்டி விளக்கு போடுவதற்கு முன்னால். துடுப்பில் ஏழெட்டுப் புள்ளி, ரவையை எடுத்து ஒட்டினாற்போல. கடையில் போய்ச் சொன்னேன், "பவளத்துக்கு ஒன்றும் ஆகாது சார்" என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். தினமும் ஊற்றினேன். 4-ஆம் நாள் ஒரு புள்ளி கூட இல்லை, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 11-ஆம் நாள் டாங் உடம்பு முழுக்க ரவை, கூடவே இரண்டு கோமாளி மீன் மேலும். டாங் அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டது.

அந்த பாட்டில் எதுவுமே செய்யவில்லை. புள்ளி தானாகவே விழும், அதுதான் இந்த நோயின் விஷயமே. கிரிப்டோகேரியன் இர்ரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து 3 முதல் 7 நாள் வரை தின்னும், வயிறு நிறைந்ததும் விழுந்து மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். ஓட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாகும். சில ஓடு 3 நாளில் வெடிக்கும், சில நாலு வாரம் கழித்து, இன்னும் சில அதையும் தாண்டி. வெளியே வந்த குஞ்சுக்கு ஓரிரு நாளில் ஒரு மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மருந்து தொடக்கூடியது இந்த நீந்தும் கட்டத்தை மட்டும்தான். தோலுக்கு அடியிலும் ஓட்டுக்குள்ளும் இருப்பதை ஒன்றும் அசைக்காது. நீந்துகிற குஞ்சைக் கொல்லும் அளவுக்கு வீரியமான மருந்து பெரும்பாலும் உங்கள் இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு, நோய்க்கு மட்டும் எமன் என்று எழுதியிருக்கும் பாட்டில்களை நான் நம்புவதில்லை. பூண்டுச் சாறும் அப்படித்தான். மீன் ஆசையாகச் சாப்பிடும், அவ்வளவுதான்.

நன்னீர் மீன் வளர்த்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வரும் வெள்ளைப் புள்ளி வேறு ஒட்டுண்ணி. ஹீட்டரை 30-க்கு ஏற்றி, கல் உப்பு போட்டுச் சமாளித்த அனுபவம் இங்கே உதவாது. இங்கே மீன் இருப்பதே உப்புக்குள்!

முதலில் எது வந்திருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் அவசரம் அதைப் பொறுத்தது. எண்ணக்கூடிய ரவைப் புள்ளி, மீன் இன்னும் சாப்பிடுகிறது, அவ்வப்போது பாறையில் உரசுகிறது என்றால் மேலே சொன்ன நோய், யோசிக்க உங்களுக்குச் சில நாள் இருக்கிறது. எண்ணவே முடியாத மெல்லிய தூள், முகப்பவுடரை ஊதிவிட்டது போல, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரிகிறது, மீன் சாப்பாட்டை விட்டுவிட்டு பம்ப்பின் ஓட்டத்துக்கு நேரே நின்று வேகவேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் அது வெல்வெட், அமிலோஊடினியம் என்ற வேறு ஒட்டுண்ணி. அது செவுளில்தான் முதலில் உட்காரும், தூள் கண்ணில் படும்போதே பாதி நேரம் போயிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு மீன் இருக்காது. கோமாளி மீன் தோல் சளியாக உரிந்து தொங்கினால் புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி, அதற்குத் தாமிரம் வேலை செய்யாது, ஃபார்மலின்தான். ஃபார்மலின் நமக்கும் விஷம், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அளவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் மட்டும் தொடுங்கள்.

சரி, வெள்ளைப் புள்ளிதான் என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியில் போனாலும் மீன்கள் எல்லாவற்றையும் பெரிய தொட்டியிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். புள்ளி இல்லாத மீனையும் சேர்த்துத்தான். இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் வாடிவிடும், பாறையை எல்லாம் கலைக்க வேண்டுமே என்று. கலைத்துத்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு மீனை உள்ளே விட்டுவைத்தாலும் ஒட்டுண்ணிக்கு விருந்து நடந்துகொண்டே இருக்கும்.

மருந்தே இல்லாமல் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, வீட்டில் எனக்குப் பிடித்தது அதுதான்: தொட்டி மாற்றும் முறை. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு வாங்குங்கள். உள்ளே மணல், பாறை எதுவும் வேண்டாம், மீன் ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய் எல்போ இரண்டு, காற்றுக் குமிழி விட ஒரு காற்றுக்கல், மேலே மூடி. முதல் நாள் மீனை முதல் டப்பில் விடுகிறீர்கள். 4-ஆம் நாள் புதிதாகக் கலந்த உப்புநீரோடு இரண்டாவது டப், 7-ஆம் நாள் மறுபடி முதல் டப், 10-ஆம் நாள் இரண்டாவது, 13-ஆம் நாள் நிரந்தரமாகக் காத்திருக்கப்போகும் சுத்தமான தொட்டி. ஒரு டப்பில் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சில மணி நேரம் முன்னதாக மாற்றினால் தவறில்லை, தாமதம்தான் ஆபத்து. விழுந்த ஒட்டுண்ணி ஓடு கட்டிக் குஞ்சு விடுவதற்குள் மீன் வேறு டப்புக்குப் போய்விடுகிறது, அதுதான் சூட்சுமம். காலியான டப்பையும் எல்போ, காற்றுக்கல், வலை எல்லாவற்றையும் ப்ளீச்சில் கழுவி மொட்டை மாடியில் ஒரு முழு நாள் காய வையுங்கள். சென்னை வெயிலுக்கு வாடகை இல்லை.

செலவு உப்பில்தான். கடைசித் தொட்டியும் 40 லிட்டர் என்று வைத்தால் ஐந்து முறை 40 லிட்டர், ஆகமொத்தம் 200 லிட்டர், ஏழு கிலோவுக்கு மேல் உப்பு போகும். பழைய தொட்டித் தண்ணீரையே எடுத்து ஊற்றி மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அதில் குஞ்சு நீந்திக்கொண்டிருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சும் அப்படியே, பெரிய தொட்டியிலிருந்து எடுத்து வந்தால் அதில் ஒட்டிய ஓடும் சேர்ந்து வரும். ஃபில்டர் இல்லாததால் அம்மோனியா ஏறும், குறைவாகத் தீனி போடுங்கள், தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். இந்த முறையில் அம்மோனியாவைக் கட்டும் தண்ணீர்க் கண்டிஷனர் சேர்க்கலாம். தாமிரம் போட்ட தண்ணீரில் மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், தாமிரத்தின் விஷம் கூடிவிடும்.

வெல்வெட் என்றாலும், எது என்று தெரியவில்லை என்றாலும் தாமிரம்தான். தொட்டி மாற்றும் முறை வெல்வெட்டுக்கு நம்பத் தகுந்ததல்ல. சாதாரண காப்பர் சல்ஃபேட்டுக்கு அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. தாமிரம், நோயைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடையே நூலிழைதான். அதனால் கீலேட் செய்த, அதாவது வேறொரு பொருளோடு பிணைத்த, தாமிரத்தையே வாங்கச் சொல்வேன், அதன் அளவு வேறு, பெரும்பாலும் லிட்டருக்கு 2 மி.கி. அளவில் நிறுத்துவார்கள், பாட்டிலில் எழுதியிருப்பதைப் பாருங்கள், இரண்டு வகையின் எண்ணையும் குழப்பிக்கொண்டு மீனைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு நாளில் ஏற்றுங்கள். அந்த வகைத் தாமிரத்தை அளக்கும் கிட் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். 30 நாள், ஒரு நாள் கூட அளவு கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு தாமிரம் கலந்து ஊற்றுங்கள், ஃபில்டரில் கார்பன் இருந்தால் கழற்றிவிடுங்கள். பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிவிடும், அதனால் பெரிய தொட்டியில் ஒரு சொட்டுக் கூடப் போகக் கூடாது. வ்ராஸ், குட்டி ஏஞ்சல், மேண்டரின் மாதிரி மீன்களுக்குத் தாமிரம் ஒத்துக்கொள்வது கஷ்டம், சாப்பாட்டை நிறுத்தினால் அதுதான் முதல் எச்சரிக்கை.

உப்பைக் குறைப்பது மூன்றாவது வழி. 1.009 அடர்த்திக்கு இரண்டு நாளில் இறக்கி, நாலு வாரம் அங்கேயே வைத்திருந்து, ஒரு வாரம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வெள்ளைப் புள்ளிக்கு மட்டும்தான் இது, வெல்வெட்டுக்கு இல்லை. மிதக்கும் ஹைட்ரோமீட்டரை நம்பி இதைச் செய்யாதீர்கள், ஒளியை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அதுவும் சரிபார்த்தது, வேண்டும். தைவானில் குறைந்த உப்பிலும் பிழைத்த ஒட்டுண்ணிகள் பதிவாகியிருப்பதால் எனக்கு இதன் மேல் பெரிய ஆசை இல்லை.

மீன் வெளியே இருக்கும்போது பெரிய தொட்டி மீன் இல்லாமல் சும்மா கிடக்க வேண்டும், பழைய கணக்குப்படி 76 நாள். வெதுவெதுப்பான தண்ணீரில் 45 நாளே போதும் என்று இப்போது சொல்கிறார்கள், நான் இன்னும் 76-தான் வைக்கிறேன், சோம்பேறித்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் உள்ளேயே இருக்கலாம், ஒட்டுண்ணி அவற்றைத் தின்னாது. ஆனால் நத்தை ஓட்டின் மேலும் பவளத்தின் அடிக்கல்லிலும் ஒட்டுண்ணியின் ஓடு ஒட்டியிருக்கும், அதனால் நடுவில் புதுப் பவளம் வாங்கி வைத்தால் அன்றிலிருந்து நாள் கணக்கு மறுபடி தொடங்கும். இறாலுக்குக் கொஞ்சம் தீனி போட்டுக்கொண்டிருங்கள். பெரிய தொட்டிக்கும் மீன் இருக்கும் தொட்டிக்கும் நடுவில் 3 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும், காற்றுக்கல்லில் தெறிக்கும் திவலையிலேயே இவை பரவும்.

புள்ளியே இல்லாமல் மீன் உரசிக்கொண்டே இருந்தால், கண் மங்கலாகத் தெரிந்தால், தட்டைப்புழுவாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நன்னீர்க் குளியல் போதும். ஆர்.ஓ. தண்ணீரை அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டு பி.எச். 8.2 பக்கம் ஏற்றி, காற்றுக்கல் ஓடவிட்டு, கறுப்பு வாளியில் 5 நிமிடம். மீன் மிரண்டு பக்கவாட்டில் சாயும், முதல் நிமிடம் பார்க்கவே கஷ்டமாக இருக்கும், அப்படியே புரண்டு கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். முடிந்தபின் வாளியின் அடியைப் பாருங்கள். மீன் மேல் கண்ணாடி மாதிரி இருந்தது, நன்னீர் பட்டதும் வெளுத்து, எள் உதிர்ந்தது போலக் கிடக்கும். கிடந்தால் பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மி.கி., ஒரு வாரத்தில் மறுபடி ஒரு முறை, ஏனென்றால் முட்டைக்கு அந்த மருந்து உறைக்காது. இந்தக் குளியலில் வெள்ளைப் புள்ளி போகாது, அது தோலுக்கு அடியில்.

76 நாள் முடிந்ததும் உப்பு, வெப்பம் இரண்டையும் சரிபார்த்து மீன்களைத் திரும்ப விடுங்கள். டப்பை வீட்டில் கேட்கிறார்கள் என்று துணி ஊறவைக்கக் கொடுத்துவிடாதீர்கள், இனி வாங்கும் ஒவ்வொரு மீனும் பெரிய தொட்டிக்கு முன்னால் அதில்தான் ஒரு மாதம் இருக்கப்போகிறது. அந்த டப்பின் வலைக் கைப்பிடியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். நான் கட்டாமல் இருந்தேன், ஈரத்தோடு வலை மாறி, ஒரு 76 நாள் மறுபடி காத்திருந்தேன்.