டியூப் போடலாமா என்று யாரைக் கேட்பார்கள்?

ஐசியூவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 'லிவிங் வில்' எழுதி வையுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். இனி பிழைக்க வழியில்லை, பேசவும் முடியாது என்ற நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க, உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழி செய்தது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கிவிட்டது.

உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக முடிவு சொல்லப்போகும் ஆளை முதலில் தேர்ந்தெடுங்கள், பேப்பர் அப்புறம். "மூச்சுவிட டியூப் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்று டாக்டர் சொன்னதும், ஐசியூ வாசலில் அண்ணன் தம்பி முகத்தைப் பார்ப்பார், தம்பி அம்மா முகத்தைப் பார்ப்பார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோ காலில் வந்து, எவ்வளவு செலவானாலும் பாருங்கள் என்று அழுவாள். படுத்திருப்பவர் என்ன விரும்பினார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எல்லாமே பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தின் பெயரில், அவர் வேண்டாம் என்றிருக்கக்கூடிய எல்லாம் நடந்துவிடும்.

மூத்த மகன்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டமில்லை. ராத்திரி போன் அடித்தால் எடுப்பவரா, டாக்டர் கெட்ட சேதி சொன்னால் நிதானமாகக் கேட்பவரா, தனக்குப் பிடிக்காவிட்டாலும் உங்கள் விருப்பத்தைச் சொல்பவரா என்று பாருங்கள். நான் என் தங்கை மகள் பெயரை முதலில் எழுதினேன், மகன் பெயரை இரண்டாவதாக. அவனை உட்கார வைத்துக் காரணத்தையும் சொன்னேன். "என்னால வேண்டாம்னு சொல்ல முடியாதும்மா" என்றான். எனக்கும் அது தெரியும்.

எழுதும்போது, "செயற்கையாக எதுவும் வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ராத்திரி டியூட்டி டாக்டருக்கு அது உதவாது. என்னுடையதில் இப்படி இருக்கிறது: "குணமாக வாய்ப்பில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தால் வென்டிலேட்டர், டயாலிசிஸ் வேண்டாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் உட்பட எது தேவையோ கொடுங்கள். உதடு காயாமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள்." கடைசி வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். கடைசி நாட்களில் வாய் வறண்டு உதடு வெடிப்பது பெரிய வேதனை.

சரி, கையெழுத்து. பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களாக இருந்தால் நல்லது. நகல்களை நீங்கள் பெயர் எழுதியவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பீரோவில் பூட்டி வைத்தால், அவசரத்தில் யார் கைக்கும் கிடைக்காது.

"இதை எழுதிக் கொடுத்தால் காய்ச்சலுக்குக்கூட பார்க்காமல் விட்டுவிடுவார்களோ?" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த குழு முதலில் பார்க்கும். வேறு மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டாவது குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பெயர் எழுதியவரின் சம்மதமும் வேண்டும். அதன் பிறகுதான் வென்டிலேட்டரை எடுக்கலாம். ஊசி போட்டு உயிரை முடிப்பது நம் நாட்டில் குற்றம். அதை எழுதினாலும் செல்லாது.

நீங்கள் படுத்துவிட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க இந்தப் பேப்பர் உதவாது. பவர் பத்திரமும், கொடுத்தவர் நினைவிழந்தால் கைகொடுக்காது. வங்கிக் கணக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இன்னொரு பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றியும் எழுதலாம். புதிதாக எழுதினால் பழைய நகல்களை எல்லோரிடமிருந்தும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.