நாடுகளின் ஏற்றத்தாழ்வை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஏற்றத்தாழ்வு அதிகமான நாட்டில் மக்கள் அதைக் குறைக்கச் சொல்லி அரசை நெருக்குவார்கள். கேட்டதும் சரி என்று படும் எண்ணம் இது. 1981-இல் மெல்ட்சர், ரிச்சர்ட் என்ற இரு பொருளியலாளர்கள் இதைக் கணித மாதிரியாகவே எழுதினார்கள். ஆனால் நாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பல இடங்களில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது. அதில் பாதி உண்மையான புதிர்; மீதி, ஒப்பிடுகிறவர்கள் செய்யும் தவறு என்பது என் எண்ணம்.

ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்வது ஜினி குறியீடு: 0 என்றால் எல்லோருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே; இதையே 0 முதல் 1 வரையும் எழுதுவார்கள். முதல் தவறு, ஜினி என்று பெயர் ஒன்றாக இருப்பதால் அளக்கப்பட்டதும் ஒன்றுதான் என்று நம்புவது. இந்தியாவின் ஜினி 2022-23-இல் 25.5 என்ற உலக வங்கியின் எண்ணை வைத்து, உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடு என்று 2025 ஜூலையில் அரசுத் தரப்பிலேயே சொல்லப்பட்டது. அந்த 25.5 குடும்பங்களின் நுகர்வுச் செலவைக் கொண்டு போட்ட கணக்கு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பணக்கார நாடுகளின் எண்களோ வருமானத்தைக் கொண்டு போட்டவை. வசதியுள்ளவர்கள் வருமானத்தில் பெரும்பங்கைச் சேமிக்கிறார்கள்; இல்லாதவர்கள் கடன் வாங்கியாவது சாப்பிடுகிறார்கள். அதனால் செலவில் தெரியும் இடைவெளி வருமானத்தில் இருப்பதைவிடப் பொதுவாகச் சிறியதாகவே தெரியும். உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் வரிக்கு முந்தைய வருமானத்தை வைத்து இந்தியாவுக்கு 2023-இல் சொல்லும் ஜினி 62. அதுவும் பல அனுமானங்களின் மேல் கட்டிய மதிப்பீடுதான். ஆனாலும் 25 எங்கே, 62 எங்கே!

வருமானம் என்று சொன்னாலும் எந்த வருமானம் என்று கேட்க வேண்டும். சம்பளம், வட்டி, லாபம் என்று சந்தையில் கிடைப்பதை மட்டும் எடுத்தால் பிரான்ஸும் அமெரிக்காவும் ஏறக்குறைய ஒரே நிலை. இரண்டிலும் ஜினி 0.5-ஐ ஒட்டி நிற்கும். வரியைக் கழித்து, ஓய்வூதியமும் உதவித்தொகையும் சேர்த்த பிறகு பிரான்ஸ் 0.3-க்கு அருகில் இறங்கிவிடுகிறது, அமெரிக்கா 0.39 அளவில் நின்றுவிடுகிறது. சொத்தை எடுத்தால் படம் மறுபடி மாறும்: வருமானத்தில் சமமான நாடாகப் பெயர் பெற்ற ஸ்வீடனில் சொத்து ஏற்றத்தாழ்வு மிக அதிகம். அப்புறம், பெரும் பணக்காரர்கள் கணக்கெடுப்புகளில் சரியாகச் சிக்குவதில்லை. பொருளியலாளர்கள் பிக்கெட்டியும் சாயெஸும் வரிப் பதிவேடுகளைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். நாடுகளின் கணக்கெடுப்புகளை ஒரே வரையறைக்குக் கொண்டுவரும் வேலையை 1983-இல் தொடங்கிய லக்சம்பர்க் வருமான ஆய்வு செய்துவருகிறது. ஒப்பிட விரும்புகிறவர்கள் அங்கே தொடங்குவது நல்லது.

அதைவிட ஆழமான தவறு, நிபுணர்கள் அளந்த ஏற்றத்தாழ்வு மக்களுக்கும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது. பன்னாட்டுச் சமூகக் கணக்கெடுப்புத் திட்டத்தின் 2009 சுற்றில், சமூகத்தின் அமைப்பைக் காட்டும் ஐந்து படங்களைக் கொடுத்து, உங்கள் நாடு இதில் எது என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 20 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். கிம்பெல்சன், டிரைஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 40 நாடுகளின் பதில்களை ஆராய்ந்தபோது சரியாகச் சொன்னவர்கள் 29 சதவீதம்தான். மறுபகிர்வு வேண்டும், அதாவது வரி வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை, உண்மையான அளவைவிட மக்கள் மனதில் இருக்கும் அளவோடுதான் நெருங்கிப் போனது.

தன் இடத்தைக் கணிப்பதிலும் இதே கதை. பத்துப் படி ஏணியைக் காட்டினால் ஏழையும் பணக்காரரும் நடுப்படிகளையே காட்டுகிறார்கள். அர்ஜென்டினாவில் ஒரு சோதனையில், தங்களை இருப்பதைவிட உயரத்தில் நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உண்மை நிலை சொல்லப்பட்டது. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்ற ஆதரவு அவர்களிடம் கூடியது. ஆகவே ஜினியையும் கருத்துக்கணிப்பையும் மட்டும் கோடு போட்டு இணைத்து, மக்களுக்கு ஏற்றத்தாழ்வு பற்றிக் கவலையில்லை என்று முடிவு கட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வியின் வார்த்தைகளும் பதிலை மாற்றும். அமெரிக்கப் பொதுச் சமூகக் கணக்கெடுப்பு பல ஆண்டுகளாக மாதிரியைப் பிரித்து, அரசுச் செலவு போதுமா என்பதை ஒரு சாராரிடம் ‘வெல்ஃபேர்’ (அரசு நலத்திட்ட உதவி) என்றும் இன்னொரு சாராரிடம் ‘ஏழைகளுக்கு உதவி’ என்றும் கேட்டுவருகிறது. செலவு போதவில்லை என்பவர்கள் இரண்டாவதில் பல மடங்கு அதிகம். ஒரே நாட்டில், ஒரே மொழியில் இப்படியென்றால், முப்பது மொழிகளில் கேட்டதை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்!

எண்ணிக்கையில் ஏமாறுவதும் உண்டு. முப்பது நாடுகளில் ஆயிரம் ஆயிரம் பேரிடம் கேட்டால் முப்பதாயிரம் பதில்கள் கிடைக்கும். ஜினி எண்கள் முப்பதுதான். தென்னாப்பிரிக்கா போல ஏற்றத்தாழ்வு மிக அதிகமான ஒரு நாட்டைச் சேர்த்தால் ஜினியையும் கருத்தையும் இணைக்கும் கோடு ஒரு பக்கம் சாயும், எடுத்தால் வேறு பக்கம் போகும். ஒவ்வொரு நாடாக நீக்கிப் பார்த்த பிறகும் முடிவு நிற்கிறதா என்று சோதிக்காத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

நாட்டளவில் தெரிவதைத் தனிமனிதர் மேல் ஏற்றவும் கூடாது. 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-இல் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம்; ஆனால் தனித்தனி ஆட்களாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு. அவர்கள் குடியேறிய மாநிலங்கள் ஏற்கெனவே எழுத்தறிவில் முந்தியவை, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முழு மருந்து கிடையாது. ஆனால் மேலே சொன்ன பன்னாட்டுச் சமூகக் கணக்கெடுப்புத் திட்டம் ஏற்றத்தாழ்வு பற்றிய கேள்விகளை 1987, 1992, 1999, 2009, 2019 எனத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. நாடு விட்டு நாடு தாவுவதற்கு முன், ஒரே நாட்டில் அந்த ஆண்டுகளுக்கிடையே ஜினியும் கருத்தும் சேர்ந்து நகர்ந்தனவா என்று பாருங்கள். மொழி, வரலாறு, கேள்வியின் சாயல் என்று நாட்டுக்கு நாடு மாறும் பல விஷயங்கள் அங்கே பெரும்பாலும் அப்படியே இருக்கும்.