குடல் ஆபரேஷன்: துளை போட்டுச் செய்வதா, வயிற்றைத் திறந்து செய்வதா?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "பெருங்குடலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், மதுரைக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. நோயுள்ள பகுதியை அதன் ரத்தக்குழாய், நிணநீர்க் கணுக்களோடு எடுத்துவிட்டு, மிஞ்சிய இரு முனைகளையும் தையலாலோ ஸ்டேப்ளராலோ சேர்க்கிறார்கள். உள்ளே போகும் வழிதான் வேறு.

திறந்து செய்தால் நடுவயிற்றில் 15 முதல் 25 செ.மீ. வெட்டு. துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, 5 முதல் 12 மி.மீ. அளவில் நான்கைந்து துளைகள் போடுவார்கள். எடுத்த குடலை வெளியே கொண்டுவர 4 முதல் 8 செ.மீ. வெட்டு ஒன்றும் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆபரேஷன் நேரம் கூடும். ஆனால் வலி குறைவு, புண்ணில் சீழ் வைப்பது குறைவு, குடலும் சீக்கிரம் அசையத் தொடங்கும். பெருங்குடல் புற்றுநோயில் நோய் திரும்பி வருவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2004 முதல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின.

குடல் அடைத்து ஊதியிருந்தாலோ, ஓட்டை விழுந்து ரத்த அழுத்தம் இறங்கியிருந்தாலோ, கட்டி பக்கத்து உறுப்புக்குள் போயிருந்தாலோ பெரும்பாலும் திறப்பதே நல்லது. பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கிடந்தால், துளையில் தொடங்கியவர் நடுவில் திறக்கவும் நேரும். அது தோல்வியல்ல, திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பவரே நல்ல சர்ஜன். ஒப்புதல் படிவத்தில் இரண்டு முறைக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுங்கள்.

சர்ஜனிடம் கேளுங்கள்: இதே ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? நடுவில் எத்தனை பேருக்குத் திறக்க வேண்டி வந்தது? வயிற்றின் மேல் மலப்பை (குடலை வெளியே திறந்துவிட்டு, மலம் சேர ஒட்டும் பை) வைக்க வாய்ப்புண்டா? உண்டென்றால், முந்தின நாளே நோயாளியை உட்காரவும் நிற்கவும் வைத்து, வேட்டி முடிச்சோ சேலைக் கொசுவமோ விழாத இடத்தில் குறி போடச் சொல்லுங்கள். இடம் தவறினால் பை ஒட்டாது, ஒழுகும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த நாள் நிறுத்துவதென்று அவர்களே சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், எந்த முறைக்கு ஒப்புதல் வந்திருக்கிறது என்று முன்பே பாருங்கள்.

டாக்டர்கள் அதிகம் அஞ்சுவது வெட்டின் நீளத்தை அல்ல, உள்ளே சேர்த்த இடம் கசிவதை. எந்த முறையிலும் அது வரலாம். பெரும்பாலும் 3ஆம் நாளுக்குப் பிறகு, முதல் 10 நாளுக்குள் தெரியும். லேப்ராஸ்கோபி செய்தவரை 4ஆம், 5ஆம் நாளே அனுப்பிவிடுவதால், கசிவு வீட்டில் இருக்கும்போது தொடங்கக்கூடும். காரைக்குடிக்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ 90 கி.மீ. முடிந்தால் 10ஆம் நாள் வரை மதுரையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். காய்ச்சல், ஓய்விலும் 100-க்கு மேல் நாடித்துடிப்பு, குறையாமல் கூடும் வலி, உப்பும் வயிறு, வாந்தி: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலிப்பது வாயுவால். அதற்குப் பிறகு காய்ச்சலோடு வந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். மேலே சின்னத் தழும்புதானே என்று பொறுத்திருந்துதான் பலர் தாமதிக்கிறார்கள்.

வீட்டில் முதல் 3, 4 வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, தயிர், முட்டை. கவுனி அரிசி, வெண்டைக்காய் மண்டி, கொட்டையோ தோலோ உள்ளவை பிறகு. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. வளவைச் சுற்றி முதல் நாளிலிருந்தே நடக்கலாம், திண்ணைப் படியும் ஏறலாம். தண்ணீர்க் குடம் மட்டும் கூடாது: நிறைகுடம் 12, 15 கிலோ இருக்கும், வெட்டிய தசை பிரிந்து குடலிறக்கம் வரலாம். இந்தக் கட்டுப்பாடு திறந்து செய்தவர்களுக்கு 6 முதல் 8 வாரம், துளை போட்டவர்களுக்கு 4 முதல் 6 வாரம்.

புற்றுநோய்க்காக எடுத்திருந்தால், பயாப்ஸி அறிக்கையில் எத்தனை நிணநீர்க் கணுக்கள் பார்க்கப்பட்டன என்று பாருங்கள். 12-க்குக் குறைவென்றால் ஏன் என்று சர்ஜனிடம் கேளுங்கள். கீமோ வேண்டுமா என்ற முடிவு அதையும் பொறுத்தது.